அம்மா, அப்பாவுடன் மீண்டும் விமானத்தில்: வாசகர் கேள்வி பதில்

2020 மார்ச் 23 அன்று நம் நாட்டின் பன்னாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான சேவை திரும்ப 2022 மார்ச் 27 வரை ஆனது. அதற்குப் பிறகும் வானம் முழுதாகத் தெளியவில்லை. போர், வான்வெளி மூடல், கடைசி நேர ரத்து என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. இதற்கிடையே பெற்றோருக்கு ஐந்தாறு வயது கூடிவிட்டது. "இனிமேல் கூட்டிப்போகலாமா?" என்று வரும் கடிதங்களிலிருந்து சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு 74 வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. 2019க்குப் பிறகு நியூஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இப்போதுதான் கூட்டிப்போகிறேன். வளைகுடா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் 2025இல் விமானங்கள் திரும்பி வந்த செய்தியை நினைத்தால் பயமாக இருக்கிறது. எந்த வழி நல்லது? — வாசகி, ஸ்ரீரங்கம்

நீங்கள் சொல்வது 2025 ஜூன் 23ஆம் தேதி இரவு. கத்தார் வான்வெளியை மூடியபோது தோஹாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின. சில புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. சில மணி நேரத்தில் வான்வெளி திறந்துவிட்டது. ஆனால் தொடர் விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு மறுபடி இருக்கை கிடைக்க நாட்கள் பிடித்தன.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழியில் உள்ள வான்வெளி மூடினால் விமானம் சுற்றிப் போகும், பயணம் ஓரிரண்டு மணி நேரம் நீளும். 2025 ஏப்ரல் 24இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்களுக்கு நேர்ந்தது இதுதான். ஆனால் நீங்கள் விமானம் மாறும் ஊரே மூடிக்கொண்டால் அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள். வயதானவர்களுக்கு ஆபத்து இந்த இரண்டாவது நிலைமைதான். ஆகவே டிக்கெட் போடும்போது எதன் மேலாகப் பறக்கிறது என்பதைவிட எங்கே இறங்கி மாறுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

சென்னையிலிருந்து லண்டன் போக ஏறக்குறைய 11 மணி நேரம், அங்கிருந்து நியூயார்க் 8 மணி நேரம். வளைகுடா வழியென்றால் முதலில் நாலரை ஐந்து மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் 14 மணி நேரம். 74 வயது முழங்காலுக்கு முதல் கணக்கு சுலபம். கூடுதல் பணம் கையைக் கடிக்காது என்றால் ஐரோப்பா வழியையே எங்கள் தேர்வாகச் சொல்வோம். மாறும் ஊரில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டால் வெளியே ஓட்டலுக்குப் போக விடுவார்களா என்றும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, அமெரிக்க விசா கையில் இருக்கிறது என்பதற்காக ஃபிராங்க்ஃபர்ட்டில் ஊருக்குள் விடமாட்டார்கள். அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். இல்லையென்றால் அந்த ராத்திரி விமான நிலைய நாற்காலியில்தான்.

டிக்கெட் முழுவதும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். ஐந்தாறாயிரம் மிச்சம் என்று இரண்டு தனித் தனி டிக்கெட்டாகப் போட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். சக்கர நாற்காலி பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

ஏஜென்ட் மூலம் பதிவு செய்தால் பி.என்.ஆரில் அவருடைய செல்போன் எண்தான் இருக்கும். விமானம் ரத்து என்ற செய்தி ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. டிக்கெட் கைக்கு வந்த அன்றே நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணையும், தங்கையின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, திரும்பி வரும் தேதி. அம்மாவின் விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். ஆனால் அவர் எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நுழையும்போது தரும் ஐ-94 பதிவுதான். சுற்றுலா விசாவுக்குப் பொதுவாக ஆறு மாதம் தருவார்கள். இறங்கிய மறுநாள் தங்கையை இணையத்தில் அந்தத் தேதியைப் பார்த்து அச்செடுத்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பும் டிக்கெட்டை அந்தத் தேதிக்கு முந்தின நாளுக்குப் போடாதீர்கள். மூன்று நான்கு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். விமானம் ரத்தாகி, அம்மாவுக்குக் காய்ச்சலும் வந்து இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் தாங்கும். அதற்கு மேல் தங்க நேர்ந்தால் ஐ-539 விண்ணப்பத்தை ஐ-94 தேதி முடிவதற்குள் போட வேண்டும்.

அப்பாவுக்கு 71. இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்டென்ட் வைத்தது. பயணக் காப்பீடு எடுத்தால் "எல்லாமே கவர் ஆகும் சார்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? — வாசகர், மதுரை

அவர் சொல்வதை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். பாலிசி வாசகத்தை வாங்கி நான்கு இடங்களை மட்டும் படியுங்கள்.

முதலாவது, ஏற்கெனவே உள்ள நோய். நம் ஊர்ப் பாலிசிகள் பலவற்றில் பழைய நோயால் வரும் சிக்கலுக்கு ஒன்றும் கிடையாது; அல்லது உயிருக்கு ஆபத்தான நிலைமைக்கு மட்டும், அதுவும் ஒரு சிறு தொகை வரை. அமெரிக்காவில் வாங்கும் பார்வையாளர் பாலிசிகளில் பழைய நோய் திடீரெனத் தீவிரமானால் மட்டும் என்று ஒரு பிரிவு இருக்கும். அதற்கும் வயது வரம்பு உண்டு. ஸ்டென்ட்டைப் பற்றி விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். எழுதினால் பிரீமியம் ஏறும் என்று மறைத்தால், மருத்துவமனைப் பதிவில் அது வெளிவந்த நிமிடமே க்ளெய்ம் போய்விடும். இதய நோய் அல்லாத க்ளெய்மிலும் இதைக் காட்டி மறுக்க முடியும்.

இரண்டாவது, உள்வரம்பு. அட்டையில் ஒரு லட்சம் டாலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை நாளுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வெட்டியிருப்பார்கள். உள்வரம்பு இல்லாத பாலிசி விலை கூடுதல்தான். ஆனாலும் 70ஐத் தாண்டியவருக்கு அதையே எடுங்கள்.

மூன்றாவது, போர். போராலும் வான்வெளி மூடலாலும் வரும் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன. போதாததற்கு, செய்தி வெளியான பிறகு எடுத்த பாலிசி, 'தெரிந்த நிகழ்வு' என்ற காரணத்தால் அந்தச் சம்பவத்துக்குச் செல்லாது. டிக்கெட் போட்ட வாரத்திலேயே பாலிசியையும் எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நான்காவது, நாள் நீட்டிப்பு. திரும்பும் விமானம் ரத்தானால் பாலிசி தானாக நீளுமா, எத்தனை நாளுக்கு? தானாக நீளாது என்றால் முடியும் தேதிக்கு முன்பே கட்டணம் கட்டி நீட்டிக்க வேண்டும். முடிந்த பிறகு நீட்டிக்க முடியாது.

எங்கே போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். கனடாவில் பிள்ளைகளிடம் நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குத் தரும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலர், அதுவும் ஓராண்டுக்கு. இவை விசாவுக்கான குறைந்தபட்சம். அப்பாவின் இதயத்துக்கு இது போதும் என்று யாரும் கணக்குப் போட்டு வைத்ததில்லை.

ஒரு சின்ன வேலை: பாலிசி எண்ணையும் காப்பீட்டு உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போதே, முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள், அந்த எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் சேர்த்துவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் இழுபறிதான்.

அம்மா இன்சுலின் போடுகிறார், தூக்க மாத்திரையும் உண்டு. சிங்கப்பூரில் அண்ணனிடம் ஒரு மாதம், பிறகு அங்கிருந்தே நியூயார்க்கில் ஒரு மாதம். மருந்துகளை எப்படி எடுத்துப்போவது? — வாசகி, கோவை

இரண்டு மாதப் பயணத்துக்கு மூன்று மாத மாத்திரை. அந்த உபரி ஒரு மாதம்தான் விமானம் நின்றுபோனால் கைகொடுக்கும். சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு அனுமதிக்கும் உச்ச அளவும் மூன்று மாதம்தான். அமெரிக்காவிலும் பொதுவாக 90 நாள் என்பதே வழிகாட்டுதல். நம் மருத்துவரின் சீட்டைக் காட்டினால் அமெரிக்க மருந்துக்கடையில் மருந்து தரமாட்டார்கள். அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதித் தர வேண்டும்.

மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள்: நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, நாளைக்கு எத்தனை வேளை, ஊசி எடுத்துப்போக வேண்டிய காரணம். மூலப்பெயர் முக்கியம். 'கிளைகோமெட்' என்றால் அங்கே யாருக்கும் தெரியாது, மெட்ஃபார்மின் என்றால் தெரியும். நாம் சொல்லும் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டாமினோஃபென். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து உரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பெயர் அச்சிட்ட பட்டையோடு இருக்கட்டும்.

தூக்க மாத்திரையில்தான் கவனம் வேண்டும். அல்பிரசோலம், டயஸெபாம், கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரையான டிரமடால் போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரைப் பார்த்து, தேவையென்றால் விண்ணப்பியுங்கள். துபாய் வழியாகப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அம்மா பையில் இருக்கும் ஒரே ஒரு பட்டைக்காக அவரை அதிகாரி அறையில் உட்கார வைக்கும் நிலைமை வரக் கூடாது.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். கீழே சரக்கறையில் போகும் பெட்டியில் குளிர் உறைநிலைக்குப் போகலாம். உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் வேலை செய்யாது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதிலும் அதே கெடுதல். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் ஜெல் பை போதும். திறக்காத குப்பியை வீட்டில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கிறோம். பயன்பாட்டில் இருக்கும் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் தாங்கும். அட்டையில் போட்டிருக்கும் கணக்கையும் பாருங்கள். 100 மில்லி திரவக் கட்டுப்பாடு மருந்துக்குக் கிடையாது, ஆனால் சோதனை மேஜையில் நீங்களே முதலில் எடுத்துக் காட்டிவிட வேண்டும்.

இன்சுலின் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். கோவையில் இரவு 9 மணிக்கு ஊசி என்றால் அது கோடைகாலத்தில் நியூயார்க்கில் காலை 11.30. பயண நாளின் வேளைகளை மருத்துவரிடம் மணிக்கணக்குப் போட்டு எழுதி வாங்குங்கள். கிளைமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விதி: சாப்பாட்டுத் தட்டு கண்ணெதிரே வரும்வரை மாத்திரை வாய்க்குள் போகக் கூடாது. "பத்து நிமிடத்தில் உணவு" என்று அறிவித்த பிறகு விமானம் குலுங்கினால் வண்டி ஒரு மணி நேரம் வராது. அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். பையில் குளுக்கோஸ் மாத்திரையோ நாலைந்து சாக்லேட்டோ எப்போதும் இருக்கட்டும்.

விமானத்தில் தூங்க வைக்கத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். பல மணி நேரம் கால் அசையாமல் கிடப்பார். எழுந்ததும் தடுமாறி விழவும் கூடும்.

அம்மா வீட்டுக்குள் நன்றாகவே நடப்பார். "சக்கர நாற்காலியா? நான் என்ன நோயாளியா?" என்கிறார். கேட்பதா, வேண்டாமா? — வாசகர், தஞ்சாவூர்

கேளுங்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும், குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கவும் வேண்டும். வீட்டில் நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மாவிடம் "நாற்காலி உன் காலுக்கு இல்லை அம்மா, அந்த வரிசைக்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். மூன்று வகை உண்டு: தூரம் நடக்க முடியாது ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர்.; படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்.; இருக்கை வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. முழங்கால் வலிக்காரருக்கு ஏஜென்ட் முதல் வகையைப் போட்டுவிடுவார். விமானம் பாலத்தில் நிற்காமல் தூரத்தில் நின்றால் பஸ்ஸில் போய்ப் படி ஏற வேண்டும்; அங்கேதான் திணறுவார்கள். படி கஷ்டம் என்றால் இரண்டாவது வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நாற்காலி தள்ளுபவர் வேறு வழியாகக் கூட்டிப்போனால் நீங்கள் பிரிந்துவிடலாம். அம்மாவின் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், ஒரு வேளை மாத்திரை, உங்கள் எண் எழுதிய அட்டை இவையெல்லாம் அம்மாவின் கழுத்துப் பையிலேயே இருக்க வேண்டும், உங்கள் பையில் அல்ல. தள்ளுபவர் கழிவறைக்குள் வந்து உதவமாட்டார். விமானத்தில் ஏறுமுன் நீங்களே ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள்.

அப்பா பல வருடம் பீடி பிடித்தவர், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விமானத்தில் ஏதாவது ஆகுமா? கால் வீங்குமே, அதற்கு என்ன செய்வது? — வாசகி, தூத்துக்குடி

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும். சுருக்கமாக, ஊட்டியில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதுபோல. ஊட்டியில் அவருக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சமதளத்தில் 50 மீட்டர் நிற்காமல் நடந்தால் மூச்சு வாங்குகிறதா? விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஓய்வாக இருக்கும்போது 95க்குக் கீழே காட்டுகிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டிக்கெட் போடும் முன் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆக்ஸிஜன் தேவை என்று அவர் சொன்னால் சொந்த சிலிண்டர் எடுத்துப்போக முடியாது. விமான நிறுவனம் ஏற்கும் மின்கலக் கருவி வேண்டும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடும் அளவுக்குப் பேட்டரி கேட்பார்கள். மெடிஃப் என்ற படிவத்தை மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும்.

கால் விஷயத்துக்கு வருவோம். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. நடைபாதை ஓரத்து இருக்கை வாங்கிக் கொடுங்கள். ஜன்னல் ஓரம் போட்டால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு எழுந்திருக்கவே மாட்டார். கழிவறை போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்கமாட்டார். மணிக்கொரு முறை குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இருபது தடவை. முழங்கால்வரை வரும் அழுத்தக் காலுறையைக் கால் அளந்து வாங்குங்கள், ரத்த ஓட்டம் குறைந்த கால் என்றால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது சாதாரண வீக்கம் இல்லை, அன்றே மருத்துவமனை.

விமானம் ரத்தாகும் போலிருக்கிறது. முன்கூட்டியே நாங்களே கேன்சல் செய்துவிடலாமா? — வாசகர், சேலம்

செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் டிக்கெட் விதிப்படி பிடித்தம் போகும். நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ உங்கள் உரிமை. தேதி மாற்றக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பும் அந்த நாட்களில் வரும், அதுவரை பொறுங்கள். போர் போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் டிக்கெட் பணம் கிடைக்கும். ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் காத்திருக்கும் நாட்களுக்கு சாப்பாடும் தங்குமிடமும் நிறுவனம்தான் தர வேண்டும்.

நைரோபியில் இருக்கும் மகளிடம் போகிறோம். எனக்கு 67, அவருக்கு 72. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? — வாசகி, நாகர்கோவில்

கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்தியாவில் இந்தச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்க முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் 2016 முதல் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். இருவரும் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கான மருத்துவ விலக்குச் சான்று வாங்குங்கள். அதை ஏற்பது அந்தந்த நாட்டு அதிகாரிகளின் கையில் இருப்பதால் முன்பே விசாரித்து வையுங்கள்.

பெட்டியில் அம்மா ஆசையாகக் கட்டிவைத்ததை எதையெல்லாம் எடுக்க வேண்டும்? — வாசகி, காரைக்குடி

கொப்பரையை முதலில் எடுங்கள். எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்று விமானத்தில் அதற்கு இடமில்லை. கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் சட்டப்படி தடை. தனியாக இல்லாவிட்டாலும் வீட்டில் அரைத்த குருமாப் பொடிக்குள் போயிருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கறிவேப்பிலையை அமெரிக்காவில் விடமாட்டார்கள், காயவைத்துப் பொடித்த பருப்புப் பொடி கொண்டுபோங்கள். பவர் பேங்க் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரைக்கும் கேள்வி இல்லை. கழுத்தில் காதில் போட்டுப்போகும் நகைக்குப் புறப்படும்போதே சுங்க மேஜையில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது "இது எங்கே வாங்கியது?" என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.